சொட்டு நின்ற பாறை

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து நாற்பது. கோயிலிலிருந்து என் மகள் துர்கா கைப்பேசியில் கூப்பிட்டாள்.

"அம்மா, இங்க கல்லு வேர்க்குது. அம்மன் தலைக்கு மேல. எல்லாரும் செம்பு தூக்கிட்டு வந்து புடிக்கிறாங்க. நீங்களும் வாங்க லா."

நான் ஈப்போவில், வீட்டு அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன். வெளியே மழை அப்போதுதான் விட்டிருந்தது. வாரக்கணக்கில் பெய்த மழை.

"எங்க வேர்க்குது? எப்பவும் சொட்டுமே, அந்த எடத்துலயா?"

"அந்த எடத்ததான் கும்பாபிஷேகத்துக்கு முன்னாடியே சிமெண்டு பூசி அடைச்சிட்டாங்களேம்மா. இது மேல. புது எடம்."

அடுப்பை அணைத்தேன். கார்ச் சாவியைத் தேடினேன். அன்று நடந்தது எல்லாம் அந்த அழைப்பிலிருந்துதான் தொடங்கியது.

இதை எழுதச் சொன்னவர்கள் நான் வேலை பார்த்த கம்பெனியின் இளைய பிள்ளைகள். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு பேராக் மாநிலத்தில் மலையடிக் கோயில்களின் தலைவர்கள் பலர் அவர்களைக் கூப்பிட்டுப் பாறையைப் பார்க்கச் சொல்கிறார்கள். "அக்கா, நீங்க தமிழ்ல ஒண்ணு எழுதிக் குடுங்க. நாங்க இங்கிலீஷ்ல ரிப்போர்ட் குடுத்தா அலமாரியில வச்சுப் பூட்டிடறாங்க" என்றார்கள். அதனால் எழுதுகிறேன்.

நான் பிறந்தது கோப்பெங் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில். அந்த இடத்தில் இப்போது இரட்டை மாடி வீடுகள் நிற்கின்றன. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளி, பிறகு ஈப்போவில் ஆறாம் படிவம். கட்டடம் எழுப்பும் முன் பூமியைத் துளைத்துப் பார்த்துச் சொல்லும் கம்பெனியில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்து, சாயங்கால வகுப்பில் டிப்ளோமா முடித்து, கடைசியில் பாறை மாதிரிகளைப் படித்து எழுதும் வேலைக்கு வந்தேன். முதுகு வலியால் சென்ற ஆண்டு முன்கூட்டியே ஓய்வு பெற்றேன். உறவுக்காரர்கள் என்னைக் 'கல்லு மல்லிகா' என்பார்கள். கேலிதான். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

என்னைப் பழக்கியவர் மிஸ்டர் சியா, எங்கள் தலைமை நிலவியலாளர். ஈப்போ சீனர். மெலிந்த ஆள். குரலை உயர்த்தவே மாட்டார். தப்பு செய்தவனிடம் இன்னும் மெதுவாகப் பேசுவார். அதனால் அவன் பக்கத்தில் வந்து காதைக் கொடுக்க வேண்டியிருக்கும். எந்தத் தளத்துக்குப் போனாலும் காரை விட்டு இறங்கியதும் வேலையைத் தொடங்க விடமாட்டார். பாறைக்கு எதிரே எல்லோரும் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். அவர் சிகரெட் ஒன்று முடியும் வரை. எங்கே ஈரம், எங்கே செடி முளைத்திருக்கிறது, எங்கே பறவை உட்காருகிறது, எங்கே உட்காருவதில்லை. முடித்துவிட்டு மலாயில் ஒரே ஒரு கேள்வி கேட்பார். "ஆயர் பெர்கி மானா?" தண்ணீர் எங்கே போகிறது?

ஈப்போவைச் சுற்றி நிற்கும் வெள்ளை மலைகளை நாம் பிறந்ததிலிருந்து பார்க்கிறோம். அதனால் யாரும் பார்ப்பதில்லை. அவை ஒரு காலத்தில் ஆழமில்லாத வெதுவெதுப்பான கடலின் அடி. சிப்பியும் பவளமும் இன்னும் கண்ணுக்குத் தெரியாத உயிர்களும் செத்துச் செத்துப் படிந்து இறுகிச் சுண்ணாம்புப் பாறையானது. பிறகு பூமிக்குள்ளிருந்து உருகிய கருங்கல் குழம்பு மேலே எழுந்தது. வெளியே வரவில்லை, உள்ளேயே நின்று, மிக மெதுவாக ஆறியது. பள்ளத்தாக்கின் இரு பக்கமும் இன்று பச்சையாகத் தெரியும் உயரமான மலைத்தொடர்கள் அந்தக் குழம்புதான். அதன் சூட்டில் பக்கத்திலிருந்த சுண்ணாம்புப் பாறை, உருகாமலேயே, உள்ளுக்குள் மறுபடி அடுக்கிக்கொண்டு பளிங்கானது. சிப்பியின் அடையாளம் அழிந்து சர்க்கரைக்கட்டி மாதிரி மணிமணியாக மாறியது. அந்தக் கருங்கல் விட்ட சூடான நீரோடு வந்ததுதான் ஈயம். அந்த ஈயத்துக்காகத்தான் இந்த ஊர்.

அந்த மாற்றம் இன்னும் முடியவில்லை என்பதைத்தான் மிஸ்டர் சியா எங்களுக்குச் சொல்லிக்கொண்டே இருப்பார். மழைத்தண்ணீர் காட்டு மண்ணுக்குள் இறங்கும்போது லேசாகப் புளிப்பாகிறது. அந்தப் புளிப்பு பளிங்கைக் கரைக்கும். விரிசல் விரிசலாக நுழைந்து, கரைத்து, சுமந்துகொண்டு கீழே வரும். குகையின் காற்றைத் தொட்டதும் சுமந்ததில் கொஞ்சத்தை இறக்கி வைக்கும். அதுதான் கூரையிலிருந்து தொங்கும் கல் விழுது. ஒரு சொட்டு என்றால் அந்த மலை மூச்சு விடுகிறது என்று பொருள் என்பார். கவிதையாகச் சொல்லும் ஆள் இல்லை அவர். உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தார்.

எங்கள் வேலையின் முறையைச் சொல்கிறேன். துளைக்கும் குழாய்க்குள்ளிருந்து உருளை உருளையாகப் பாறை வரும். அதை நீள மரப்பெட்டியில், மேலிருந்து கீழ் என்ற வரிசை மாறாமல், இடமிருந்து வலமாக அடுக்க வேண்டும். கழுவ வேண்டும். உடைந்த முகங்களைப் பொருத்திப் பார்க்க வேண்டும்: இது இயந்திரம் உடைத்ததா, ஏற்கெனவே உள்ளே உடைந்திருந்ததா? இயந்திரம் உடைத்தால் முகம் பளிச்சென்று இருக்கும். பழைய உடைப்பில் துருநிறம் படிந்திருக்கும். தண்ணீர் அந்த வழியாகப் போயிருக்கிறது. சுத்தியலால் தட்டினால் நல்ல பளிங்கு மணி மாதிரி ஒலிக்கும். அமிலம் ஒரு சொட்டு விட்டால் பொங்கும். இவ்வளவையும் விட முக்கியம் வேறொன்று. துளைக்கும்போது குளிர்ச்சிக்காக உள்ளே விடும் தண்ணீர் மேலே திரும்பி வருகிறதா, என்ன நிறத்தில் வருகிறது? வெள்ளையாக வந்தால் பாறை. சிவப்பாக வந்தால் பாறைக்குள் களிமண் நிரம்பிய பொந்து. வரவேயில்லை என்றால், கீழே வெறும் இருட்டு.

எனக்கு மறக்காத வேலை ஒன்று உண்டு. மலையை ஒட்டி ஒரு தொழிற்கூடம். பாறையிலிருந்து கசியும் நீர் சுவரை நனைக்கிறது என்று முதலாளி மலையின் அடியை உயரமாகக் கான்கிரீட் போட்டு மூடிவிட்டார். ஒரு மழைக்காலம் கழித்து அந்தக் கான்கிரீட் வயிறு மாதிரி வெளியே தள்ளியது. மிஸ்டர் சியா வழக்கம்போல எங்களை நிற்க வைத்தார். பிறகு எல்லோரையும் பக்கவாட்டில் தூரமாக அனுப்பிவிட்டு, கான்கிரீட்டில் சாய்வாகத் துளை போடச் சொன்னார். துளை உள்ளே போய்ச் சேர்ந்ததும் தண்ணீர் தீயணைப்புக் குழாய் போலப் பீறிட்டது. பழுப்பு நிறம். மணல் கலந்து. சியா முதலாளியிடம் மெதுவாக, "நீங்க தண்ணிய நிறுத்தல. கதவச் சாத்தியிருக்கீங்க. அது உள்ள நின்னு தள்ளிட்டு இருக்கு" என்றார். அன்று நான் கற்றது அதுதான்: கரைக்கும் தண்ணீருக்குக் காலம் வேண்டும், அடைபட்ட தண்ணீருக்கு வேண்டாம். அது பாறைப் பலகையை மலையிலிருந்து ஒரே நாளில் கழற்றிவிடும்.

எங்கள் கோயில் ஒரு வெள்ளை மலையின் அடியில், உள்ளே குழிந்த இடத்தில் இருந்தது. மேல்பாறை கூரை போல முன்னே நீட்டிக்கொண்டிருக்கும். அதன் கீழ் அம்மன். முன்னால் தகரக் கூரை மண்டபம். அதற்கும் முன்னால் திறந்த வாசல், ஒரு பெரிய மழைமரம். வரிசையில் நிற்பவர்கள் தலையில் எப்போதும் சொட்டு விழும். சிறு வயதில் என் தலையிலும் விழுந்திருக்கிறது. பிரசவம் முடிந்து துர்காவைத் தூக்கிக்கொண்டு போனபோது அவள் நெற்றியில் விழுந்து அவள் வீறிட்டு அழுதாள். ஈரத் தரையில் வழுக்கி ஒரு பாட்டியின் இடுப்பு முறிந்துபோனது. அதனால் கும்பாபிஷேகத் திருப்பணியில் அந்தக் கசிவைச் சிமெண்டு வைத்து அடைத்து, மேலே பளபளவென்று டைல்ஸ் ஒட்டிவிட்டார்கள். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். கும்பாபிஷேகத்தன்று கூட்டம் தாங்காமல் நான் வாசலிலேயே நின்று கும்பிட்டுத் திரும்பிவிட்டேன். எத்தனையோ பாறைகளுக்கு எதிரே வாய்மூடி நின்றவள், இந்தப் பாறைக்கு எதிரே கண்ணை மூடித்தான் நின்றிருக்கிறேன்.

அந்தக் காலைக்கு வருகிறேன்.

கிளம்பும் முன் துர்காவை வீடியோவில் பாறையைக் காட்டச் சொன்னேன். கைப்பேசியின் சின்னத் திரையிலேயே தெரிந்தது. அம்மனுக்கு மேலே நீட்டிய பாறையில், இடமிருந்து வலமாக ஓர் ஈரக் கோடு. அங்கங்கே சொட்டு என்று இல்லை, கோடு. பாறைப் பலகை மலையிலிருந்து பிரியும் கோடு அது. அதன் கீழே ஆணும் பெண்ணும் நெருக்கிக்கொண்டு செம்பையும் பாட்டிலையும் உயர்த்திப் பிடித்திருந்தார்கள்.

"தண்ணி என்ன நெறம்?"

"டீ மாதிரிம்மா. லைட்டா. மண்ணு கொஞ்சம் வருது. அப்புறம், டிக் டிக்னு சத்தம் கேக்குது. எல்லாரும் சலங்கைச் சத்தம்ங்கறாங்க."

"துர்கா, வெளிய வா. அப்படியே திரும்பி வெளிய வா."

"என்னம்மா?"

"பாறை விழப்போவுது. வா."

அவள் வரவில்லை. என் மகள். "அம்மா, இங்க அம்பது அறுபது பேர் இருக்காங்கம்மா. சின்னப் புள்ளைங்க இருக்கு" என்றாள். பிறகு அவள் குரல் உயர்ந்து கேட்டது. "எல்லாரும் வெளிய போங்க, பாறை விழும்னு அம்மா சொல்றாங்க!" யாரோ ஒரு பெண், "யாரு, கல்லு மல்லிகாவா? பென்ஷன் வாங்கியும் கல்ல விடல பாரு" என்றாள். சிரிப்பு.

கோயில் தலைவர் குணா போனை வாங்கினார். பள்ளியில் எனக்கு ஒரு வகுப்பு கீழே படித்தவர்.

"அக்கா, கும்பாபிஷேகம் முடிஞ்சு ஆத்தா இப்பதான் கண்ணைத் தொறந்திருக்கா. இந்த நேரத்துல இப்படிப் பேசலாமா?"

"குணா, அடைச்ச தண்ணி மேல ஏறி வருது. உள்ள நின்னு தள்ளுது. நான் பாத்திருக்கேன்."

"நீங்க தமான்ல வீடு கட்டறதுக்குக் கல்லு பாத்தது வேற. இது கோயில் லா."

நான் அப்போது காரை ஓட்டிக்கொண்டிருந்தேன். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். கோயிலுக்கு இன்னும் பாதித் தூரம். தீயணைப்புப் படைக்கு, போம்பாவுக்கு, சொல்லுங்கள் என்றேன். சொன்னால் கூட்டம் கலைந்துவிடும் என்றார். இவரிடம் இன்னும் பேசிப் பயனில்லை என்று தெரிந்தது. பாறையைப் பற்றி நான் என்ன சொன்னாலும் அங்கே எடுபடாது. வேறு ஏதாவது ஒன்று வேண்டும். கூட்டம் கேள்வி கேட்காமல் கீழ்ப்படியும் ஒன்று.

"பூசாரி அண்ணன்கிட்ட குடு" என்றேன்.

ராமையா பூசாரி என்னைவிடப் பத்து வயது மூத்தவர். தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டு வரிசைக்கு அடுத்த வரிசை. தோட்டத்தை விற்ற பிறகு அம்மனோடு இந்த மலையடியிலேயே தங்கிவிட்டவர்.

"சொல்லு தங்கச்சி."

"அண்ணே, அந்தப் பாறை விழப்போவுது. நான் சொன்னா யாரும் கேக்கல. நீங்க அலங்காரம்னு சொல்லித் திரைய இழுத்துடுங்க. எல்லாரையும் வாசலுக்கு அனுப்புங்க. மண்டபத்துலயும் நிக்க வேணாம். மரத்துகிட்டப் போவச் சொல்லுங்க. துர்காவையும் அனுப்புங்கண்ணே."

பாறை விரிசல் விடும் அந்த டிக் டிக் என் காரிலும் கேட்டது.

"நெசமாவே விழுமா?"

"விழும்ணே."

"சரி. நான் பாத்துக்கிறேன். புள்ளைய மொதல்ல அனுப்பிடறேன், நீ பயப்படாம வா."

பிறகு கைமணி சத்தம். அவருடைய பெரிய குரல்: "அம்மனுக்கு வேர்த்துப் போச்சு. குளிப்பாட்டிப் புதுச் சேலை கட்டணும். எல்லாரும் மரத்துகிட்டப் போங்க. மண்டபத்துல ஒருத்தர் நிக்கக்கூடாது. பொம்பள குளிக்கிற எடத்துல உங்களுக்கு என்னய்யா வேல, நட!"

சிரிப்புச் சத்தம் கேட்டது. காலடிகள். வளையங்கள் கம்பியில் உராயத் திரை இழுபடும் சத்தம். கல்லு மல்லிகா சொல்லி அசையாத கூட்டம் ஒரு துணிக்குக் கட்டுப்பட்டு வெளியே நடந்தது.

துர்கா மறுபடி போனில் வந்தாள். "அம்மா, நான் மரத்துகிட்ட இருக்கேன். எல்லாரும் வந்துட்டாங்க. குணா மாமாவும் வந்துட்டாரு."

நான் காரை ஓரமாக நிறுத்தினேன். ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டேன். மகள் வெளியே வந்துவிட்டாள் என்பதைத் தவிர என் தலைக்குள் வேறு எதுவும் இல்லை. பூசாரி அண்ணன் எங்கே என்று நான் கேட்கவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்க எனக்கு நேரம் இருந்தது. மறுபடி வண்டியைக் கிளப்பினேன், கேட்கவில்லை.

கோயில் சாலைக்குள் திரும்பும்போது முதலில் வந்தது சத்தமல்ல. மலையடியில் இருந்த புறாக்கள் எல்லாம் ஒரே சமயத்தில் எழும்பின. பிறகு லாரி மண் கொட்டுவது போல ஒரு நீண்ட இரைச்சல். வெள்ளைத் தூசி மாவு போல எழுந்து மழைமரத்தை மறைத்தது.

காரைக் கதவு திறந்தபடியே விட்டு ஓடினேன். தூசிக்குள் எல்லோரும் ஒரே நிறத்தில் இருந்தார்கள். துர்காவை நான் அடையாளம் காணவில்லை. அவள்தான் என் கையைப் பிடித்தாள். அவளைத் தடவித் தடவிப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை.

"பூசாரி மாமா உள்ள இருக்காரும்மா."

"வெளிய வரலையா?"

"திரை போட்டிருந்துச்சேம்மா" என்றாள், அது ஒரு பதில் என்பது போல.

குணா வாசல் கல்லில் உட்கார்ந்திருந்தார். "கடைசி வரைக்கும் மணிச் சத்தம் வந்துட்டே இருந்துச்சுக்கா" என்றார். "நாங்க வெளிய கும்பிட்டுட்டு நின்னோம்."

போம்பா வந்தது. மேலே இன்னும் தொங்கிக்கொண்டிருந்த துண்டு விழக்கூடும் என்று அவர்களை உடனே உள்ளே விடவில்லை. அதிகாரி ஒருவர் பாறையைப் பற்றி என்னிடம் கேட்டார். சொன்னேன். எந்தப் பக்கம் கசிவு, எந்தப் பக்கம் பிரிந்தது, எங்கிருந்து நெருங்கினால் ஆபத்து குறைவு. முப்பது ஆண்டு வேலை என் வாயிலிருந்து ஒழுங்காக வந்தது. விழுந்த பலகையின் பின்முகத்தை அப்போதுதான் பார்த்தேன். முழுக்கத் துருநிறம். ஓரத்தில் மட்டும் கொஞ்சம் புது வெள்ளை. அந்த ஓரம்தான் அதுவரை அத்தனை பேரையும் தாங்கிப் பிடித்திருக்கிறது. உடைந்த மேற்பாறையிலிருந்து தண்ணீர் தெளிவாக, தாராளமாக ஊற்றிக்கொண்டிருந்தது.

பிற்பகலில் அவரை வெளியே கொண்டு வந்தார்கள். உயிர் இல்லை. தூக்கி வந்தவர்களில் ஒரு மலாய்க்காரத் தம்பி என்னிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார்: சிலை உடையவில்லை, அதற்குப் பாதிச் சேலை சுற்றியிருந்தது, மீதிச் சேலை அந்தப் பெரியவர் கையில் இருந்தது என்று. ஏன் ஓடி வரவில்லை என்று அவருக்குப் புரியவில்லை. மலாயில் எனக்கு எல்லாப் பாறைக்கும் சொல் தெரியும். இதற்குத் தெரியவில்லை.

கூட்டத்தை வெளியே அனுப்ப ஒரு சாக்காகத்தான் நான் அலங்காரம் என்றேன். அவர் வாய்திறந்து அம்மன் முன்னால் சொன்ன பிறகு அது அவருக்குச் சாக்கு இல்லை. குளிப்பாட்டுகிறேன் என்று சொன்னார், குளிப்பாட்டினார். சேலை கட்டுகிறேன் என்றார், கட்டிக்கொண்டிருந்தார். திரை இழுத்தால் பூசாரி உள்ளேதான் இருப்பார். அந்தக் கோயிலில் கைப்பிள்ளையாகக் கிடந்த காலத்திலிருந்து நான் பார்த்தது அதைத்தான். "நீங்களும் வாங்கண்ணே" என்று ஒரு வார்த்தை. என் மகளுக்காகப் பேசிய மூச்சிலேயே அதையும் சொல்லியிருக்கலாம்.

இளைய பிள்ளைகளுக்கு: கசிவை அடைக்காதீர்கள், சாய்வாகத் துளை போட்டுத் தண்ணீருக்கு வழி விடுங்கள், புது இடத்தில் ஈரமோ பழுப்பு நீரோ தெரிந்தால் ஆட்களை அப்புறப்படுத்துங்கள். இதெல்லாம் உங்களுக்கே தெரியும். ஆட்களை அப்புறப்படுத்தும்போது கடைசி ஆள் யார், அவர் எதற்காக நிற்பார் என்று கேளுங்கள். எனக்கு அதை யாரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை.

பூசாரியின் மனைவி பார்வதி அக்கா ஆயர் தாவார் ஊரில் மகள் வீட்டில் இருந்தார். மருமகன் காரில் அழைத்து வந்தார். சாயங்கால வெயில் மலைமேல் மஞ்சளாக இருந்தது. அவர் அழவில்லை. கூட்டம் வழிவிட, நேராக மழைமரத்துக்கு வந்து, எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார். காலையில் வெளியே வந்தவர்கள் எல்லோரும் அங்கேதான் நின்றோம்.

"திரை போட்டிருந்துச்சா?" என்று கேட்டார்.

"போட்டிருந்துச்சுக்கா" என்றேன்.

"திரை போட்டுட்டா, சேலை கட்டி முடிக்காம அவரு வெளிய வர மாட்டாரே" என்றார். "இது தெரிஞ்சவங்க உங்கள்ல ஒருத்தர்கூடவா இல்ல?"